கங்கையில கவிழப்போற பேரனுக்கு

ஏலே, ரிஷிகேசத்துக்குப் போறியாம்லா? ஒங்க அம்மை போன்ல சொன்னா. ஆபீஸ்காரங்க எல்லாம் சேந்து போறியளாம். ரப்பர் படகுல ஏறி, கங்கை நொரை கக்கிட்டு ஓடுத எடமா பாத்து உள்ள விட்டு, நனைஞ்சு, உருண்டு, கத்திக்கிட்டு வருவியளாம். செலவு கம்பெனியோடதாம். ‘டீம் பில்டிங்’னு பேராம். ரொம்ப சந்தோசம்டே. வேலைக்கு வச்சவன் ஆளுகள ஆத்துல தள்ளுததுக்குக் கைக்காசு கட்டுதான்னா, நாட்டுல வியாபாரம் நல்லாத்தான் நடக்கு.

நான் போகாதன்னு சொல்ல மாட்டேன். நான் போகாதன்னு சொன்ன எந்த எடத்துக்கு நீ போகாம இருந்திருக்க? புத்தி சொல்லுதது என் சோலி, கேக்காம இருக்கது ஒன் சோலி. அவனவன் சோலிய அவனவன் பாப்போம்.

கெழவனுக்கு இதுல என்ன தெரியும்னு கேப்ப. நானும் ஒன் பாட்டியும் பத்ரிநாத் யாத்திரை போனப்பம் ரிஷிகேசத்துல தங்குனோம்லா. அவ காலையும் சாயங்காலமும் பஜனையில உக்காந்திருந்தா. நான் படித்துறையில உக்காந்து, மேல இருந்து வார படகுல எத்தனை தலை இருக்குன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். படகு ஓட்டுத கட்வாலிப் பயலுவ அங்கன டீ குடிக்க வருவானுவ. அவனுவளுக்குத் தமிழ் கெடையாது. எனக்குத் தெரிஞ்ச இந்திய ஒரு சிலேட்டுல எழுதி முடிச்சிரலாம். ஆனாலும் ஆத்தப் பத்திப் பேசுததுக்கு ரெண்டு கை போதும்லே. தாமிரவருணியில சுழி எங்க, கசம் எங்கன்னு நான் கையக் காட்ட, கங்கையில எங்கன்னு அவன் கையக் காட்ட, டீ ஆறிப் போயிரும்.

நாங்க தங்குன ஆசிரமம் நம்ம ஊர்ப்பக்கத்து ஆளு கட்டுனது, தெரியுமா? சிவானந்தரு பத்தமடையில 1887-ல பொறந்தவரு. மலேயாவுல டாக்டரா இருந்தாரு. எல்லாத்தையும் விட்டுட்டு 1924-ல ரிஷிகேசத்துக்குப் போயி, 1936-ல தெய்வீக வாழ்க்கைச் சங்கத்த ஆரம்பிச்சாரு. ராம் ஜூலா பாலத்துகிட்ட இருக்கு அவரு ஆசிரமம். நீ கரையேறுத எடத்துல இருந்து தூரமில்ல. ஈரச் சட்டைய மாத்திட்டு ஒரு எட்டு போயிக் கும்பிட்டுட்டு வா. நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தரு வேலைய விட்டுட்டு வந்தாரு, இன்னொருத்தன் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கான்னு அவருக்கும் தெரியட்டும்.

சரி, எங்க ஏறப் போறிய? அங்க நாலு எடத்துல ஏத்துவானுவ. ரிஷிகேசத்துக்கு மேல 36 கிலோமீட்டர்ல கௌடியாலா, அதுக்குக் கீழ மரைன் டிரைவ், பொறவு 16 கிலோமீட்டர்ல சிவ்புரி, 9 கிலோமீட்டர்ல பிரம்மபுரி. மேல போகப் போக ஆத்துக்குக் கோவம் சாஸ்தி. கௌடியாலாவுல ஏறுனா ‘தி வால்’னு ஒண்ணு வரும், அது நாலாம் வகுப்பு. ஆத்துக்கு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் வகுப்பு பிரிச்சு வச்சிருக்கான்லே. ஒண்ணாம் வகுப்புத் தண்ணியில துணி தொவைக்கலாம். ஆறாம் வகுப்புல உசிரு மேல ஆசை உள்ளவன் எறங்க மாட்டான். மொதத் தடவை போறவனுக்கு, அதுலயும் நீச்சல் தெரியாதவனுக்கு, பிரம்மபுரியோ சிவ்புரியோ தாராளம். ஆனா ஒங்க கூட்டத்துல அத மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத. எவனாவது ‘பிரம்மபுரி போதும்’னு சொன்னா எல்லாரும் சேந்து கேலி பண்ணுங்க. வருசம் முழுக்க நாற்காலியில உக்காந்து முதுகு வளைஞ்ச பயலுவ, எடுத்த எடுப்புல கௌடியாலாதான் கேக்கணும்.

ஜூலை, ஆகஸ்ட்ல போனியன்னா கெடைக்காது. மழைக்காலத்துல ராஃப்ட்டிங்க மூடிட்டு, செப்டம்பர் கடைசிவாக்குலதான் தொறப்பாவ. அந்த நேரம் ஆத்துல எறங்கக் கூடாதுன்னு சொல்லுததுக்குக் கைடு வேண்டாம். கரையில நின்னு பாத்தாலே போதும், தானா கால் பின்னால போகும்.

இனி முக்கியமான சமாச்சாரத்துக்கு வாரேன். படகுல பின்னால ஒருத்தன் உக்காருவான். மெலிஞ்ச பய, கால்ல ரப்பர் செருப்பு, மொகமெல்லாம் வெயில்ல கருத்திருக்கும். அவன் சொல்லுத எதையும் கேக்காத. நீ எம்.பி.ஏ. அவன் என்னத்தப் படிச்சிருக்கான், ஆத்தத்தான படிச்சிருக்கான்? ஏறுததுக்கு முன்னால கரையில நிப்பாட்டி வச்சுப் பாடம் எடுப்பான். அப்பம் நீ போனப் பாத்துக்கிட்டு இரு. ‘ஃபார்வர்ட்’னா முன்னால வலிக்கணும், ‘பேக்’னா பின்னால வலிக்கணும், ‘ஸ்டாப்’னா நிப்பாட்டணும், ‘கெட் டவுன்’னா படகுக்குள்ள எறங்கிக் குந்திக் கயித்தப் பிடிக்கணும். மொத்த இங்கிலீசும் அவ்வளவுதான். இதுல ஏதாவது ஒத்துவரலன்னா நடு ஆத்துல ஒரு மீட்டிங் போட்டுப் பேசுங்க. தண்ணி காத்துக்கிட்டு நிக்கும்.

ஒங்க மேனேஜரும் அதே படகுலதான இருப்பாரு? அதுலதாம்லே விசேசம். ஆபீசுல அவரு சொன்னத நீங்க கேக்கணும். படகுல அந்த ரப்பர் செருப்புப் பய சொன்னத அவரு கேக்கணும். கேப்பாரான்னு பாரு. எட்டுப் பேரு எட்டுத் துடுப்ப எட்டு விதமா வலிச்சா படகு குறுக்கத் திரும்பும், குறுக்கத் திரும்புன படகத்தான் அலை கவுக்கும். அதுனால முன்னால இருக்கவனப் பாத்து அதே தாளத்துல பின்னால உள்ளவன் வலிக்கணும். முன்னால யாரு உக்காருததுன்னு சண்டை போடாதிய. அந்த எடத்த மேனேஜருக்கே விட்டுக் குடுத்துரு. மொத அலை முன்னால உள்ளவன் மூஞ்சியிலதான் அடிக்கும். மரியாதை குடுத்த மாதிரியும் இருக்கும்.

அங்க உள்ள நியாயம் எல்லாமே தலைகீழ்தாம்லே. படகுக்குள்ள நல்லா எடம் கெடக்கும், விளிம்புல உக்காரச் சொல்லுவான். உள்ள உக்காந்தா துடுப்பு தண்ணிக்கு எட்டாது. பயம் வந்தா மனுசனுக்கு வலிக்குதத விட்டுட்டு எதையாவது கெட்டியாப் பிடிக்கத் தோணும். அவன் ‘வலி வலி’ன்னு கத்துவான். துடுப்பு தண்ணிக்குள்ள இருந்தாத்தான் ஒனக்கு அங்க பிடிமானம், படகுக்கும் ஓட்டம். படகு சரிஞ்சு போயிப் பாறையில மோதுனா, பாறைய விட்டு வெலகத்தான் ஒடம்பு துடிக்கும். எல்லாரும் வெலகி அந்தப் பக்கம் சாஞ்சா, மேல இருந்து வார தண்ணி தாழ்ந்த விளிம்புல ஏறி, படகப் பாறையோட சேத்து ஒட்ட வச்சிரும். அப்பம் அவன் ‘ஹை சைடு’ன்னு கத்துவான். எல்லாரும் பாறைப் பக்கமாப் பாயணும். எது மேல மோதுனியோ அதக் கட்டிப்பிடிக்கப் போற மாதிரி. இதெல்லாம் யோசிச்சுச் செய்ய நேரம் கெடையாது. அதுக்குத்தான் ஒருத்தன் சொல்ல, எட்டுப் பேரு யோசிக்காம இருக்கணும். யோசிக்காம இருக்கதுக்கு ஒங்க கூட்டத்துக்குப் பயிற்சி இருக்கும்னு நம்புதேன்.

துடுப்போட மேல்நுனியில குறுக்க ஒரு பிடி இருக்கும். அத ஒரு கையால பொத்திப் பிடிச்சுக்கிட்டே இரு. கையெடுத்தேன்னா அது போயிப் பக்கத்தாளு பல்லுல உக்காரும். கங்கைக்குப் போனா பாவத்தக் கரைப்பாவ. பல்லையா கரைப்பாவ?

விழ மாட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் போவ. விழுவ. விழுந்தா மல்லாக்கப் படு. காலு ரெண்டும் ஆறு போற பக்கம் இருக்கட்டும், கால்விரலு தண்ணிக்கு மேல தெரியட்டும். எதுத்தாப்புல பாறை வந்தா மொதல்ல காலு படும், தலை தப்பும். நிக்க மட்டும் பாக்காத. ஆழம் தெரியாம கால விடாதன்னு ஒனக்குச் சின்னப்புள்ளையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். அங்க அதுவும் தலைகீழ். ஆழமில்லாத எடத்துலதான் கால விடக்கூடாது. முழங்கால் தண்ணிதானன்னு எந்திரிச்சு நின்னா, அடியில ரெண்டு கல்லுக்கு நடுவுல காலு மாட்டும். பொறவு ஓடுத தண்ணி முதுகுல ஏறி ஒன் மொகத்த உள்ள அமுக்கும். நீச்சல் தெரிஞ்சவனுக்கும் அதுல இருந்து எந்திரிக்க முடியாது. கரைகிட்ட போயி, தண்ணி ஓடாத எடம் வந்த பொறவு எந்திரி.

கவிழ்ந்த படகுக்கு அடியில போயிட்டேன்னா பதறாத. மேல கைய வச்சு ஒரே பக்கமாத் தள்ளிக்கிட்டே போனா வெளிய வந்துரலாம். கயிறு எறிவானுவ. அதத் தோளுக்கு மேல போட்டு நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு மல்லாந்துரு. கையில சுத்திக் கட்டிக்கிடாத. நீ செல்போன் சார்ஜர் வயரச் சுத்துத பழக்கத்துல அதையும் சுத்துவ, அதான் சொல்லுதேன். ஆறு இழுத்தா கயித்த விட முடியணும்.

நொரையப் பாத்தா மெத்துன்னு இருக்கும். அதுல காத்துதாம்லே நெறைய. காத்து கலந்த தண்ணிக்கு ஆளத் தாங்குத பலம் கொறைவு. பச்சைத் தண்ணியில தூக்குத அளவுக்கு வெள்ளத் தண்ணியில ஒன் லைஃப் ஜாக்கெட் தூக்காது. அதனால அத இறுக்கக் கட்டு. கைடு தோள்பட்டையப் பிடிச்சு மேல இழுத்துப் பாப்பான். ஜாக்கெட் தாடையத் தாண்டி ஏறுனா இன்னும் இறுக்குவான். போட்டோவுல தொப்பை பிதுங்குதுன்னு அவன் அங்கிட்டுப் போனதும் தளத்தி விட்டுராத. தொப்பை ஊருக்கே தெரிஞ்ச ரகசியம்.

குளிரச் சொல்ல மறந்துட்டேன் பாரு. தேவப்பிரயாகையில பாகீரதியும் அளகநந்தாவும் சேந்த பொறவுதான் அவளுக்குக் கங்கைன்னு பேரு. ரெண்டு பேரும் பனிமலையில இருந்து எறங்கி வாரவளுவ. மே மாசம் மண்டைய வெயில் பொளக்கும், காலு தண்ணியில பட்டா எலும்பு வரைக்கும் ஏறும். தண்ணிக்குள்ள விழுந்த ஒடனே மூச்சு தானா உள்ள இழுக்கும். நீ இழுக்க மாட்ட, ஒடம்பு இழுக்கும். அந்த நேரம் வாய் தொறந்து கெடந்தா தீர்த்தம் வயித்துக்குப் போகாம நெஞ்சுக்குள்ள போயிரும். ‘ஊ’ன்னு கத்துததுக்குத்தான காசு கட்டிருக்கோம்னு கேப்ப. படகுல இருக்கும்போது கத்து. விழும்போது வாய மூடு. இந்த ஒரு விசயத்த நீ கத்துக்கிட்டு வந்தியன்னா ஒங்க அம்மை எனக்கு வேட்டி எடுத்துக் குடுப்பா.

சிவ்புரிக்குக் கீழ ரிட்டர்ன் டு சென்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபுள், ஹில்டன், டெர்மினேட்டர்னு வரும். இத்தனை ரிஷி தவஞ்செஞ்ச கரையில ஒரு ரிஷி பேராவது வச்சிருக்கானா பாத்தியா? கோல்ஃப் கோர்ஸ்ல குழிக சாஸ்தி. தண்ணி பெரிய பாறை மேல ஏறி அந்தப் பக்கம் விழும்லா, அப்பம் அடியில உள்ள தண்ணி முன்னால ஓடும், மேல உள்ளது பாறையப் பாத்துத் திரும்பி வரும். அதுல மாட்டுனவன் ஆட்டுரல்ல போட்ட அரிசியாச் சுத்த வேண்டியதுதான். ஆனா தண்ணிக்கு மேல தலைநீட்டிக்கிட்டு நிக்க பாறை இருக்கு பாரு, அதுக்குப் பின்னால தண்ணி அமைதியாக் கெடக்கும், படகக் கொண்டு போயி நிப்பாட்டி மூச்சு வாங்கலாம். எந்தப் பாறைக்குப் பின்னால அடி, எந்தப் பாறைக்குப் பின்னால நிம்மதின்னு தூரத்துல இருந்தே பாத்துச் சொல்லணும். அதுவும் மேல தெஹ்ரி அணையில இருந்து விடுத தண்ணியப் பொறுத்து மட்டம் ஏறும், எறங்கும். காலையில தலை காட்டுன பாறை மத்தியானம் முங்கிக் கெடக்கும். அதான் அந்த ரப்பர் செருப்புக்காரன் படிச்ச படிப்பு. சர்டிபிகேட் காட்டச் சொல்லி வேணும்னா கேளு.

கங்கைக்கு ஆளு தராதரம் கெடையாதுலே. லட்சுமண ஜூலாவுல முன்னால இருந்த பாலத்த 1924 வெள்ளம் கொண்டுட்டுப் போச்சு. புதுசாக் கட்டி 1930-ல தொறந்தத, வயசாயிட்டுன்னு பொறவு மூடிட்டாவ. 2013 ஜூன் வெள்ளத்துல, பரமார்த் நிகேதன் படித்துறைக்கு முன்னால தண்ணிக்குள்ள உக்காந்திருந்த பெரிய சிவன் சிலையையே அடிச்சுக்கிட்டுப் போயிட்டா. தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுனவருக்கே அந்தக் கதின்னா, நீ அவளுக்கு மாமனா மச்சானா?

எவரெஸ்ட்ல மொதல்ல ஏறுன எட்மண்ட் ஹிலாரி 1977-ல ஜெட் படகு கொண்டு வந்தாரு. வங்கக் கடல்ல ஆரம்பிச்சு கங்கைய எதுத்து ஏறுனாரு. நீ சறுக்கி எறங்கப் போற இதே எடத்தத்தான் அவரு எதுத்து ஏறிப் போயிருக்காரு. நந்தப்பிரயாகைகிட்ட ஒரு அருவி குறுக்க வந்து நின்னுட்டு. அதுக்கு மேல படகு ஏறல, விட்டுட்டு எறங்கிட்டாரு. அவருக்கு எறங்க வெக்கமில்ல. ஒங்க டீமுக்கு ‘பிரம்மபுரி போதும்’னு சொல்ல வெக்கம்.

விலை கொறைச்சுக் கூப்பிடுதவன் பின்னால ஓடாதிய. 2018-ல உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், அரசாங்கம் ஒழுங்கா விதி வகுக்கிற வரைக்கும் ராஃப்ட்டிங்கே கூடாதுன்னு நிப்பாட்டி வச்சுது. சும்மாவா நிப்பாட்டுவாவ? லைசென்ஸ் இருக்கான்னு கேளு. ஹெல்மெட் பட்டை அறுந்திருக்கான்னு பாரு. பக்கத்துல கயாக்குல ஒருத்தன் கூடவே வாரானான்னு பாரு, விழுந்தவன அவன்தான் பொறுக்கி எடுப்பான். செல்போனுக்கு உறை வாங்க ராப்பகலா ரிவ்யூ படிக்க பய நீ. உசிருக்கும் கொஞ்சம் படி.

சாப்பாடு? ரிஷிகேசத்துல கறியும் சாராயமும் கெடையாது. முட்டை விக்கக் கூடாதுன்னு போட்ட தடைய 2004-ல உச்ச நீதிமன்றமே சரின்னு சொல்லிட்டு. ஆம்லெட் இல்லாம ஒனக்குப் பொழுது விடியாது, என்ன செய்யப் போறியோ. ஊருக்கு வெளிய எங்கனயாவது பாட்டில் கெடைக்கும்னு ஒங்க கூட்டத்துல ஒருத்தன் கண்டுபிடிச்சு வச்சிருப்பான். குடிச்சுட்டுப் படகுல ஏறப் போறவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு: கங்கையில உசிரு போனா மோட்சம்னு சொல்லுதாவ, சரிதான். அது போனவனுக்கு. கூட வந்தவனுக்குப் போலீஸ் ஸ்டேசன்.

நடுவுல மேகி பாயிண்ட்னு ஒரு கரையில நிப்பாட்டுவான். அங்க சுடச்சுட நூடுல்ஸ் விப்பாவ. பக்கத்துல பாறை மேல ஏறி ஆத்துல குதிக்கவனும் உண்டு. நீ நூடுல்ஸ் பக்கம் நில்லு. மாடிப்படி எறங்கவே ஒனக்குக் கைப்பிடிச் சுவரு வேணும்.

கடைசியா ஒண்ணு. படகுல கோப்ரோ கேமரா மாட்டி வீடியோ எடுத்து, தனியா காசு வாங்கிட்டுக் குடுப்பானுவ. நீ அத வாங்கு. நீ விழுத கட்டத்த மட்டும் வெட்டிட்டு, வீரமா வலிக்கத மட்டும் ஸ்டேட்டஸ்ல போடுவேன்னு எனக்குத் தெரியும். எனக்கு முழுசா அனுப்பு. காரணம் இருக்கு. அம்பாசமுத்திரத்துல ஒரு எடம் வந்திருக்கு. பொண்ணு ஆத்துலயே நீச்சலடிச்சு வளந்த புள்ளை. வீட்டுக்கு வந்திருந்தாவ. ‘மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா தாத்தா?’ன்னு அந்தப் புள்ளையே நேராக் கேட்டுட்டு. நான் என்னத்தச் சொல்ல? ‘என்ன இப்படிக் கேட்டுட்ட, அவன் கங்கையில நீந்துதவன்லா’ன்னு சொல்லி வச்சிருக்கேன். தேதியும் சொல்லிட்டேன், வீடியோ வரும்னும் சொல்லிட்டேன். அதனால விழுந்தேன்னா அம்மாவ ஆத்தாவக் கூப்பிடாத. வாய மூடிக்கிட்டு, காலு ரெண்டையும் முன்னால நீட்டி, கேமரா இருக்க பக்கமாப் பாத்து லேசாச் சிரிச்சுக்கிட்டு வா. மத்ததெல்லாம் நான் பேசிக்கிடுதேன்.